தேறிவரும் கினிப்பன்றிக்குத் துணை சேர்த்தல்: ஒரு தையற்காரியின் கொப்பியிலிருந்து

நவம்பர் 14: 960 கிராம். நவம்பர் 19: 880. நவம்பர் 23: 805.

வாடிக்கையாளரின் அளவு எழுதும் கொப்பியின் கடைசிப் பக்கம் இது. முன்பக்கங்களில் மார்பு, இடுப்பு, கைநீளம். பின்பக்கத்தில் தொதலின் நிறை. தொதல் எங்கள் வீட்டுக் கினிப்பன்றி. மூன்று வயதுப் பெட்டை. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் எண்ணெய் கக்கும்வரை கிண்டினால் வரும் நிறம். மகன் கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது என்னிடம் விட்டுச்சென்ற இரண்டில் ஒன்று. மற்றதன் பெயர் மஸ்கட். கடந்த மாரியில், திருகோணமலை உவர்மலையில் நாலு நாள் விடாமல் கொட்டிய மழையில் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்த கிழமையில், இரண்டுக்கும் மூக்கால் வடியத் தொடங்கியது. மஸ்கட் மூன்றாம் நாள் போய்விட்டது. தொதல் தப்பியது.

“தனிய இருந்தால் ஏங்கிச் செத்துவிடும் அக்கா, இந்தக் கிழமையே ஒன்றை வாங்கி விடுங்கள்” என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவள் சொன்னதில் பாதி சரி. கினிப்பன்றி கூட்டமாக வாழும் பிராணி. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி அதன் பூர்வீகம். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் அதைத் தனியாக வளர்ப்பதே சட்டத்துக்கு மாறானது. பிழையான பாதி, ‘இந்தக் கிழமையே’ என்பது. படுக்கையிலிருந்து எழுந்த உயிருக்குப் புதுத் துணை வந்தால் சண்டையும் வரும், புதுக் கிருமியும் வரும், சாப்பாட்டுக்குப் போட்டியும் வரும். அவற்றைத் தாங்க உடம்பில் சதை இருக்கவேண்டும். சதை இருக்கிறதா என்பதை நம் இரக்கம் சொல்லாது, தராசு சொல்லும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கினிப்பன்றிக்கு ஏற்கெனவே துணை இருந்து, அதில் ஒன்று மட்டும் நோயில் விழுந்தால், பயந்து இரண்டையும் வெவ்வேறு அறைக்கு மாற்றாதீர்கள். நோய் தெரியவந்த நேரத்துக்கு மற்றதும் அதே காற்றைத்தான் சுவாசித்திருக்கும். பிரித்தால் நோயாளி இன்னும் குறைவாகச் சாப்பிடும். சில நாள் கழித்துச் சேர்க்கும்போது இரண்டும் அந்நியரைப்போல முட்டிக்கொள்ளவும் கூடும். நோயில்லாதது நோயாளியை அடித்து நெருக்கினாலோ, படர்தாமரை போன்ற ஒன்று என்று வைத்தியர் சொன்னாலோ மட்டும் நடுவில் கம்பி வலை வையுங்கள். நான் எழுதப்போவது என்னைப்போல ஒன்றை இழந்து, மிஞ்சியதற்குப் புதிதாகத் துணை தேடுபவர்களுக்கு.

தேறிவிட்டது என்று எப்போது சொல்லலாம்? மூன்று விடயங்களைப் பார்த்தேன். மருந்து முடிந்து இரண்டு கிழமையாவது மூக்கும் கண்ணும் காய்ந்து சுத்தமாக இருக்கவேண்டும். நிறை பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்து அங்கேயே நிற்கவேண்டும். சிரிஞ்சில் ஊட்டாமல் தானாகப் புல் தின்னவேண்டும். நான்காவதாக ஒன்றும் உண்டு, அது எனக்குத் தொழிலால் வந்தது: தொதலைத் தூக்கி விலாவில் காதை வைத்துக் கேட்பேன். நோயில் கிடந்தபோது எண்ணெய் போடாத மெஷின்போல உள்ளே ‘கறகற’ என்றது. அந்தச் சத்தம் அடங்கியபின்தான் எனக்கு நித்திரை வந்தது.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. மழைக்குள் வைத்தியரைத் தேடி அலையாமல், மனிதருக்கு மருந்து விற்கும் ஒரு கடையில் அமொக்சிசிலின் பாணியைக் கையில் தந்தார்கள், “குழந்தைக்கே கொடுப்பதுதானே” என்று. நல்லவேளை, கொடுக்கவில்லை. அமொக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்தை வாயால் கொடுத்தால் கினிப்பன்றியின் குடலிலுள்ள நல்ல பக்டீரியாக்கள் அழிந்து, நஞ்சு உண்டாக்கும் வகை பெருகி, சில நாட்களில் அதைக் கொன்றுவிடலாம். மிருக வைத்தியர் எழுதியது என்ரோபுளொக்சசின். புதிதாக வரும் துணைக்குத் தும்மல் கண்டாலும் இதை நினைவில் வைத்திருங்கள்.

டிசம்பர் 6 மருந்து முடிந்தது. ஜனவரி 10 அன்று 940 கிராம். பள்ளிக்கூட வெள்ளைச் சீருடைகள் மேசையில் மலையாகக் குவிந்திருந்த காலம் அது. உண்மையைச் சொன்னால் என் பொறுமையில் பாதி அந்தத் துணிக் குவியல் தந்ததுதான்.

யாரைச் சேர்ப்பது? பெட்டைக்கு இன்னொரு பெட்டை, அல்லது நலமடிக்கப்பட்ட கடுவன். நலமடித்த கடுவன் பல பெட்டைகளோடு மிகவும் இணக்கமாக இருக்கும். ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் ஐந்தாறு கிழமை பெட்டையிடம் விடக்கூடாது. இவ்வளவு சிறிய உயிரை மயக்கி வெட்டப் பழகிய கை வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலை வரை கொண்டுபோகலாம்; எனக்கு அந்தப் பயணத்தில் மனம் செல்லவில்லை. உங்களுடையது கடுவன் என்றால் சிறு வயதுக் கடுவன் ஒன்றே போதும், வீட்டில் பெட்டை வாசனையே இருக்கக்கூடாது. முயலைத் துணையாக வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. முயலின் ஓர் உதை கினிப்பன்றியின் முதுகை முறிக்கும். அதோடு போர்டட்டெல்லா என்ற சுவாசக் கிருமியை முயலும் நாயும் எந்த அறிகுறியும் இல்லாமல் சுமந்து திரியும். நெஞ்சு நோயிலிருந்து எழுந்ததன் பக்கத்தில் அதை வைப்பது எரிகிற அடுப்பருகில் பஞ்சு வைப்பதுபோல.

நான் இரண்டு குட்டிகளை எடுத்தேன். குட்டிகள் தங்களுக்குள் விளையாடிக்கொள்ளும், தொதலை அதிகம் நச்சரிக்காது என்பது என் கணக்கு. கிண்ணியாவில் வளர்க்கும் ஒரு தம்பி, “இரண்டும் பெட்டைதான் அன்ரி, நம்பி எடுங்கள்” என்று சொல்லி, கடதாசிப் பெட்டியில் ஓட்டை போட்டுத் தந்தான். ஜனவரி 20. இரண்டு மாதக் குட்டிகள். ஒன்று வறுத்த கச்சான் (நிலக்கடலை) தோலின் நிறம், அதனால் பெயரும் கச்சான்; மற்றது வெள்ளையும் கறுப்பும்.

இரண்டாம் நாள் நிறை பார்க்கும்போது வெள்ளைக் கறுப்பைத் திருப்பிப் பார்த்தேன். வாங்கும்போதே பார்த்திருக்கவேண்டும். பெட்டையின் அடிப்பக்கத்தில் கெற்றப்போல் தடிபோல ஒரு கோடு இரண்டாகப் பிரியும். கடுவனில் ஒரு நேர்கோடு, அதன்மேல் ஒரு புள்ளி. புள்ளிக்குச் சற்று மேலே விரலால் மெதுவாக அழுத்தினால் குறி வெளியே வரும். வந்தது. அந்தத் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். முகம் கோணாமல் வந்து கடுவனை எடுத்துக்கொண்டு போனான், “தெரியவில்லை அன்ரி” என்று தலையைச் சொறிந்தபடி.

இது சிரித்துவிட்டுப் போகிற பிழை அல்ல. கடுவன் மூன்று கிழமையிலேயே தாயைக் கர்ப்பமாக்கக்கூடியது. பெட்டை ஏழெட்டு மாத வயதுக்கு முன் ஒருமுறையும் ஈனாவிட்டால் இடுப்பெலும்பின் பொருத்து இறுகிவிடும். பிறகு கர்ப்பம் தரித்தால் குட்டி வெளிவர வழியில்லாமல் தாயும் குட்டியும் சேர்ந்து போகலாம். தொதல் மூன்று வயதில், ஒருமுறையும் ஈனாதவள். நான் இரக்கப்பட்டு வந்த அன்றே மூன்றையும் ஒன்றாக விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? மிஞ்சிய கச்சான்? அண்ணனோ தம்பியோ, கடுவனோடுதான் இருந்திருக்கிறாள். கர்ப்பகாலம் 59 முதல் 72 நாள் வரை. பிரித்த ஜனவரி 22இலிருந்து 72ஆம் நாளான ஏப்ரல் 4இல் நாட்காட்டியில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன். கர்ப்பமானாலும் பெட்டையோடு பெட்டை இருப்பதில் தடையில்லை என்று வைத்தியர் சொன்னதால் மற்ற வேலை தொடர்ந்தது.

புதியவரைத் தனியாக வைக்கும் மூன்று கிழமையில் செய்யவேண்டியது ஒழுங்கைத் தவிர வேறில்லை. வேறு அறை, வேறு கிண்ணம், வேறு தும்புத்தடி. எப்போதும் தேறியதற்கு முதலில் உணவு, பிறகு புதியதற்கு. திரும்பி வருவதாக இருந்தால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மேலே போட்ட சட்டையை மாற்றிக்கொண்டு வரவேண்டும். மின்விசிறிக் காற்று எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் கடற்காற்று கச்சானின் அறைக்குள் புகுந்து நேரே தொதலின் கூட்டுக்குப் போனது. நான் அறையை மாற்றவேண்டியிருந்தது. மயிரைப் பிரித்துத் தோலைப் பாருங்கள்: தோலுக்குள் குடையும் உண்ணி இருந்தால் தோள்பக்கம் மயிர் கொட்டும், தொட்டாலே துடிக்கும். மூக்கைச் சுற்றி வட்டமாகப் பொருக்குக் கண்டால் படர்தாமரை. அது நமக்கும் தொற்றும். ஆனால் சுமந்துகொண்டே நோயில்லாமல் இருக்கும் கிருமியை இந்த மூன்று கிழமை காட்டிக்கொடுக்காது. அதனால்தான் தொதலின் நிறையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன்.

இந்த நாட்களில் விற்றமின் சி விடயத்தில் கைசுருக்கம் வேண்டாம். நம்மைப்போலவே கினிப்பன்றியும் அதைத் தன் உடலில் உண்டாக்காது. நல்ல நிலையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம். நோய்க்குப் பிறகு அதற்கும் மேல் வைத்தியர் சொல்வார். தண்ணீரில் கரைத்து வைப்பது வீண். வெளிச்சத்தில் ஒரு நாளுக்குள் அதன் வீரியம் குறைந்துவிடும், சுவை மாறினால் தண்ணீரையே குடிக்காது. குடைமிளகாய் ஒரு துண்டு நல்லது. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, எனவே 10 கிராம் துண்டே பெரிய உதவி. இனிப்பு என்பதால் அதற்கு மேல் கொடுப்பதில்லை. மற்றபடி புல், புல், புல். பல் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அரைத்துக்கொண்டே இருக்கவேண்டும். இங்கே காய்ந்த புல் கட்டுக்கு அலையத் தேவையில்லை. கினிப்புல் வேலியோரமெல்லாம் நிற்கிறது. புல்லின் சொந்த இடம் ஆபிரிக்கா, பன்றி தென்னமெரிக்கா, அது பன்றியும் அல்ல. பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல! தெருநாய் படுக்கும் இடத்தில் அறுக்காதீர்கள், அறுத்ததைக் கழுவி நீர் வடியவிட்டுக் கொடுங்கள். எனக்குப் போட்டி கோட்டைப் பக்கத்திலிருந்து ஊருக்குள் உலாவரும் புள்ளிமான்கள். நான் கண்டு வைத்த இடத்தை விடியுமுன் அவை மேய்ந்துவிடும்.

பெப்ரவரி 12 முதல் இரண்டு கூடும் பக்கத்துப் பக்கத்தில். இடையில் ஒரு வலை போதாது; இரண்டு வலை, நடுவில் இரண்டு அங்குல இடைவெளி. ஒற்றை வலையில் மூக்கைக் கடித்துவிடும். என்னிடம் குறைவில்லாத ஒன்று துணி. பழைய சாரம் ஒன்றை இரண்டாகக் கிழித்து இரண்டு கூட்டிலும் விரித்து, ஒவ்வொரு நாளும் காலையில் மாற்றி மாற்றிப் போட்டேன். முதல் நாள் தொதல் கச்சானின் துண்டைப் பல்லால் இழுத்து மூலைக்குத் தள்ளி, அதன்மேல் ஏறி நின்று மூத்திரம் பெய்தாள். மூன்றாம் நாள் மோந்துவிட்டுப் போனாள். ஆறாம் நாள் அதன்மேலேயே கால் நீட்டிப் படுத்திருந்தாள், கண்ணைப் பாதி மூடியபடி. எனக்கு அது வைத்தியர் எழுதித்தந்த கடிதம்போல இருந்தது.

சேர்க்கும் நாளுக்கு முழுநாள் ஓய்வு வேண்டும். வெப்பம் 27, 28 பாகைக்கு மேலே போனால் கினிப்பன்றிக்குக் கஷ்டம். சண்டையும் வெயிலும் சேர்ந்தால் மூச்சு முட்டும். எனவே விடியற்காலை. இரண்டுக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்கவேண்டும். நான் விறாந்தையை அடைத்து, தரையில் பழைய போர்வை விரித்தேன். முற்றத்தில் வேண்டாம், காகமும் கீரியும் பூனையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே வாசல் உள்ள ஒளிவிடம் எதையும் வைக்காதீர்கள். உள்ளே மாட்டினால் வெளியே வர வழியில்லை. நடுவில் புல்லும் கொத்தமல்லித் தழையும் குவித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் எதிரெதிர்ப் பக்கத்தில் விட்டேன்.

சத்தங்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். இடுப்பை ஆட்டிக்கொண்டு, பெல்ட் கழன்ற மெஷின்போல உறுமிக்கொண்டு சுற்றுவது ‘நான்தான் பெரியவள்’ என்பது. பின்பக்கம் மோப்பதும், பெட்டைமேல் பெட்டை ஏறுவதும், நாடியை உயர்த்தி நிற்பதும் அப்படியே, விடலாம். குட்டி ஊரைக் கூட்டிக் கீச்சிடும். காயமில்லாவிட்டால் அது பணிந்துபோவதன் அடையாளம். பல்லை ‘கடகட’ என்று அடிப்பது, கத்தரிக்கோல் வெறுங்காற்றை வெட்டும் சத்தம், எச்சரிக்கை. கவனியுங்கள், கை வைக்காதீர்கள். கழுத்து மயிர் சிலிர்த்து இரண்டும் ஒன்றையொன்று வட்டமிட்டு, வாயைத் திறந்து பாய்ந்தால், இரத்தம் கண்டால், அத்தோடு முடிந்தது. அப்போதும் வெறுங்கையை நுழைக்காதீர்கள். அவற்றின் வெட்டுப்பல் விரலின் எலும்புவரை போகும். தடித்த துவாயை மேலே போட்டு, குப்பைவாரியை நடுவில் செருகிப் பிரியுங்கள்.

தேறிய உயிருக்கு மட்டும் இன்னொரு கணக்கு. சண்டையே இல்லாமல் அது மயிரைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குறுகி உட்கார்ந்து, நடுவில் உள்ள தழையைத் திரும்பியும் பார்க்காவிட்டால் அன்றைக்குப் போதும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசரம், வைத்தியரிடம் ஓடுங்கள்.

நான் எங்கே பிழைவிட்டேன் என்றால், பெப்ரவரி 22 அன்று பதினைந்தாவது நிமிடத்தில். தொதல் துரத்த, கச்சான் தொண்டை கிழியக் கத்த, இரத்தமும் இல்லை காயமும் இல்லை, ஆனால் என் நெஞ்சு தாங்கவில்லை. கச்சானைத் தூக்கிவிட்டேன். யார் பெரியவர் என்ற வழக்குத் தீராமலே நீதிமன்றம் கலைந்தது. அதன்பிறகு ஒரு கிழமை வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பல் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

மார்ச் 1 மறுபடியும் விறாந்தை. இம்முறை கையைக் கட்டிப்போட ஒரு வேலை எடுத்துக்கொண்டேன்: நாற்பது பொத்தான்கள் தைக்கவேண்டிய ஒரு பை. அதே துரத்தல், அதே கத்தல். பன்னிரண்டாவது பொத்தானில் கச்சான் தலையைத் தாழ்த்தித் தரையோடு படுத்தாள். தொதல் அவள் முதுகை ஒருமுறை மோந்து, தும்மி (என் ஊசி விரலில் குத்தியது, வெறும் தூசித் தும்மல்தான்), திரும்பிப் புல் தின்னப் போனாள். முப்பதாவது பொத்தானில் ஒரே கொத்தமல்லித் தண்டை இரண்டு முனையிலிருந்தும் இரண்டு பேரும் தின்றுகொண்டு வந்தார்கள். மூக்கு முட்டியதும் தொதல் பறித்துக்கொண்டாள். நாலு மணி நேரம் இருந்தேன்.

நன்றாகப் போனால் இரவுக்குப் பிரிக்காதீர்கள். பிரித்தால் நாளைக்குத் திரும்பவும் முதலிலிருந்து. கூட்டை வினாகிரியும் தண்ணீரும் கலந்து துடைத்து, பழைய வாசனை இல்லாமல், இருவரையும் ஒன்றாக விட்டேன். ஐந்தடிக்கு இரண்டடி, அதற்குச் சின்னதில் துணை சேர்க்க நினைக்கவேண்டாம். எல்லாம் இரண்டு: தண்ணீர்ப் போத்தல், கிண்ணம், புல் வைக்கும் இடம் மட்டும் மூன்று. வாடிக்கையாளர் நீளம் குறைக்கத் தந்த ஜீன்ஸ்களில் வெட்டி எறியும் கால்துண்டுகள் இரண்டு பக்கமும் திறந்த சுரங்கமாக அருமையாக உதவும். ஓரத்தை மடித்துத் தையுங்கள், நூல் தொங்கினால் காலில் சுற்றும்.

பிறகு இரண்டு கிழமை ஒவ்வொரு நாள் காலையிலும் தராசு. மார்ச் 2: 938. மார்ச் 5: 906. முப்பது கிராம் ஒன்றும் பெரிதல்ல என்று விடவில்லை. ஒரு மணி நேரம் கூட்டின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பணிந்துபோன குட்டி இரண்டு கிண்ணத்துக்கும் நடுவில் படுத்து இரண்டையும் தனதாக்கியிருந்தாள்! கிண்ணங்களை இரண்டு எதிர் மூலைகளுக்கு மாற்றினேன். மார்ச் 9: 941. தொதலுக்கான விற்றமின் துண்டைக் கையில் வைத்தே ஊட்டினேன், யார் தின்றார் என்று ஊகிக்கத் தேவையில்லாமல்.

பெயர் காரணமாக ஓர் எச்சரிக்கை: கச்சானுக்குக் கச்சான் கொடுக்காதீர்கள், கொழுப்பு. மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயருள்ள வறண்ட சூட்டுக் காற்று அடிக்கத் தொடங்கினால், உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஆளுக்கொன்றாக வையுங்கள். ஒன்றை வைத்தால் அதற்கும் அடிதடி.

மூன்று முறை முயன்றும் இரத்தம் கண்டால், இரட்டை வலைக்கு இரு பக்கமும் அயலவராக வாழவிடுங்கள். பார்க்கவும் மோக்கவும் பேசவும் முடிந்தால் அதுவும் துணைதான், எங்கள் ஒழுங்கையில் வேலிக்கு மேலால் நடப்பதைப்போல.

ஏப்ரல் 4. சிவப்பு வட்டத்தன்று விடிய எழும்பி முதலில் கூட்டைத்தான் பார்த்தேன். ஜீன்ஸ் சுரங்கத்தின் ஒரு வாயில் தொதலின் மூக்கு, மறு வாயில் கச்சானின் பின்பக்கம். மூன்றாவது மூக்கு எதுவும் இல்லை. தொதல் 952, கச்சான் 610. எதிர்வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “குட்டி ஒன்றும் இல்லையா அக்கா?” என்றாள், ஏமாற்றத்தோடு.